ஆண்ட்ராய்டா, ஐபோனா? காரணத்தை எழுத்தில் தரவும்

போன புதன்கிழமை மதியம் என் வீட்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே ஆயிரத்து எண்ணூறு அடி நடந்திருக்கிறேன். நான் எண்ணவில்லை. என் போன் எண்ணிச் சொன்னது. ஆண்ட்ராய்டு போன். கேட்காத விவரத்தைச் சொல்வதில் அதற்கும் எனக்கும் ஒரு ஒற்றுமை உண்டு.

நடந்ததற்குக் காரணம் இன்னொரு போன். ஐபோன். அந்த நேரத்தில் அது ஒரு ரிக்‌ஷாவில், ஒரு கைப்பைக்குள், விமானப்படைத் தளத்தை ஒட்டிய எங்கள் லோஹேகாவிலிருந்து, நகரின் நடுவே இருக்கும் கேம்ப் கடைவீதி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கைப்பைக்குச் சொந்தக்காரி என் மனைவி சாரதா. மூன்று மாதத்தில் அவள் தனியாக வாசலைத் தாண்டியது அன்றுதான்.

சாரதாவுக்குக் கண்ணில் கோளாறு. சுற்றுப்புறம் தெரியும். நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒரு புகைத் திட்டு. என் முகம் தெரிய வேண்டுமென்றால் என் காதைப் பார்க்கிறாள். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்துக்குப் பிறகு இதைச் சலுகையாக நினைக்கும் மனைவிகள் உண்டு என்று எனக்குத் தெரியும். கடிதம் போட வேண்டாம்.

அவளுக்குப் புதன்கிழமை முக்கியம். கேம்பில் துணிக்கடை வைத்திருக்கும் மும்தாஜ் அவளுடைய இருபது வருடச் சிநேகிதி. காயல்பட்டினத்துக்காரர். வாரம் முழுக்க வாடிக்கையாளர்களிடம் இந்தி, கடைப் பையன்களிடம் மராத்தி என்று ஓட்டிவிட்டு, புதன் மதியம் இரண்டு மணி நேரம் சாரதாவோடு தமிழ்.

கண் மங்கிய பிறகு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள். உட்கார்ந்திருப்பேன். இருவரும் தக்காளி விலையைப் பற்றிப் பேசுவார்கள். போன வாரத் தக்காளி, இந்த வாரத் தக்காளி... இரண்டு மணி நேரம் இதையே பேச எப்படித்தான் முடிகிறது என்று நான் வியந்ததுண்டு.

கண் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். "அம்மாவுக்குப் பேசுற போன் பழக்கிக் கொடுங்க. தனியாவே போய் வருவாங்க."

அதுவரை அவளிடம் இருந்தது பெரிய பட்டன் வைத்த சாதாரண போன். ஸ்மார்ட்போனில் ஒரு வசதி உண்டு. திரையில் விரல் வைத்தால், விரலுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டு வாசிக்கும். தமிழிலும் வாசிக்கும். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. "எதை வாங்கலாம்?" என்று டாக்டரிடம் கேட்டேன். "எது கைக்குப் பழகுதோ அது" என்றார்.

இப்படிப் பொறுப்பில்லாத பதிலை நான் எந்தக் கோப்பிலும் அனுமதித்ததில்லை.

எதிர் வீட்டுத் தேவசகாயத்தை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில்காரர். நான் திருநெல்வேலி. காலையில் ஒன்றாக நடப்போம். அவர் ஐபோன் கட்சி, நான் ஆண்ட்ராய்டு கட்சி. ஆறு வருடமாக ஒரே விவாதம். நடுவில் போர் விமானம் கிளம்பினால் பேச்சை நிறுத்துவோம். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.

"உம்ம போன்ல ஒரு காரியம் பண்ண ஏழு செட்டிங்ஸ். எம்போன்ல ஒண்ணுமே கிடையாது. எடுத்தா வேலை செய்யும்" என்பார்.

"செட்டிங்ஸ் கிடையாதுன்னு இல்ல வே. உம்மைத் தொட விடமாட்டாங்க. அதுல ஒரு பெருமை வேற!"

"எதுக்குத் தொடணும்? ஃப்ளைட்ல உக்காந்தா காக்பிட்டுக்குள்ளயா போறீரு?"

"விட்டா போவேன்."

"போவீரு. அதான் பயமே!"

இந்த விசுவாசத்தை நான் நிறையவே யோசித்திருக்கிறேன். ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த எங்கள் உறவினர் ஒருவர், போட்டிக் கம்பெனி ஸ்கூட்டரில் வந்த மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார். அவருக்காவது அந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. நமக்கு? காசு கொடுத்து வாங்கிவிட்டு, கொடி பிடிக்கிற வேலையையும் இலவசமாகச் செய்கிறோம்.

ஐபோன்காரர் எதையும் விளக்க மாட்டார், புன்னகைப்பார். ஆண்ட்ராய்டுக்காரர் எல்லாவற்றையும் விளக்குவார், யாரும் கேட்காவிட்டாலும். ஒரு கல்யாண மண்டபத்தில் தேவசகாயம் தன் பழைய ஐபோனுக்கு சார்ஜர் தேடி, பந்தி பந்தியாக அலைந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அன்றும் புன்னகைத்துக்கொண்டேதான் அலைந்தார்!

ஒன்று மட்டும் பொது. இருவரும் மற்றவர் போனை ஒரு நாள்கூட உபயோகித்ததில்லை.

தேவசகாயம் புதுப் போன் வாங்கியதால் பழைய ஐபோன் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கொண்டுவந்து வைத்தார். என்னிடமும் உபரியாக ஒரு ஆண்ட்ராய்டு இருந்தது. இரண்டு வாரம் அது, இரண்டு வாரம் இது. பிறகு முடிவு.

முடிவு என்றால் எப்படி? நான் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன். ஒரு டஜன் நாற்காலி வாங்குவதற்கும் ஒப்பீட்டு அறிக்கை போட்டவன். இடது பக்கம் அம்சங்கள், நடுவில் மதிப்பெண், வலது ஓரத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம். அதிக மதிப்பெண் பெற்றதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால், காரணத்தை அந்தக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாய்மொழிக் காரணம் செல்லாது.

அறிக்கையைத் தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். தேவசகாயம் வந்து பார்த்தார்.

"என்ன வே, வீட்டுக்காரிக்குப் போன் வாங்குதீரா, பாலம் கட்டுதீரா?"

முதல் இரண்டு வாரம் ஆண்ட்ராய்டு. என் சொந்த மண். சாரதா சோபாவில் உட்கார்ந்து விரலால் திரையைத் தடவுவாள். போன் சொல்லும்: "கடிகாரம்... கேமரா... தொடர்புகள்..." ரிக்‌ஷா ஆப் எங்கே என்று தேடுவாள். தவறான இடத்தில் இரண்டு தட்டு விழும். வேறென்னவோ திறக்கும்.

"இங்க கொண்டா" என்பேன். வாங்கி, மூன்று நொடியில் சரிசெய்து, ஆப்பையும் திறந்து கையில் கொடுப்பேன்.

மறுபடி எங்காவது மாட்டிக்கொள்வாள். "இங்க கொண்டா." மறுபடி மூன்று நொடி.

முந்தைய திரைக்குத் திரும்ப, விரலைக் கீழே இழுத்து அப்படியே இடது பக்கம் திருப்ப வேண்டும். அவளுக்குப் பாதியில் விரல் தயங்கும். தயக்கம் எனக்குத் தாங்காது. "இங்க கொண்டா." எவ்வளவு வேகம்! எவ்வளவு துல்லியம்! அறிக்கையில் ஆண்ட்ராய்டுக்கு மதிப்பெண்களை வாரி வழங்கினேன். மதிப்பெண் போனுக்கா, எனக்கா என்று யாரும் கேட்கவில்லை. தணிக்கையில் இருந்தால் நான் கேட்டிருப்பேன்.

அடுத்த இரண்டு வாரம் ஐபோன்.

முதல் நாளே சாரதா ஏதோ ஒரு மெனுவுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டாள். "இங்க கொண்டா" என்று வாங்கினேன். ஒரு தட்டு தட்டினேன். "அமைப்புகள்" என்றது. தெரியும், திற என்றேன் மனதுக்குள். அழுத்தினேன். "அமைப்புகள்." மேலே தள்ளினேன். நகரவில்லை. ஒரு விரலால் தள்ளினால் அது நகராதாம், மூன்று விரல் வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிடம் அந்தப் போன் ஒரே சொல்லை, ஒரே குரலில், கொஞ்சமும் சலிப்பில்லாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

"கொண்டாங்க இங்க" என்றாள் சாரதா.

கொடுத்தேன். யோசித்தாள். இரண்டு விரலைச் சேர்த்துத் திரையில் இசட் எழுத்துப்போல் இழுத்தாள். போன் சமர்த்தாக முந்தைய திரைக்குப் போனது.

"ஒனக்கு இது யாரு சொல்லித் தந்தா?"

"தேவசகாயம் அண்ணன் காலைல ஒரு தடவை சொன்னாவ. நாலு தடவை தப்பாப் போட்டேன். அஞ்சாந் தடவை வந்துட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் டாக்டரிடம் போய்வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் அறிக்கையில் 'எளிமை' என்ற வரிசையில் ஐபோனுக்குப் பூஜ்யம் போட்டேன். என்னாலேயே முடியவில்லையே, பிறகென்ன எளிமை?

அந்த இரண்டு வாரமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் சோபாவில் தடவிக்கொண்டிருப்பாள், தப்பாகத் தட்டுவாள், "ச்சே" என்பாள், மறுபடி தட்டுவாள். என் கை தானாக நீளும். நீண்ட கையால் என்ன செய்வது? அதற்கு ஒன்றும் தெரியாதே! எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். டாக்டர் என்னையும் பார்த்திருந்தால் சர்க்கரை வியாதி என்று நினைத்திருப்பார்.

முடிவு நாள் வந்தது. கூட்டிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு அமோக வெற்றி. தேவசகாயம் முன்னிலையில் அறிவித்தேன். அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை ஆறு வருடமாகச் சகித்து வருகிறேன்.

"எனக்கு ஐபோன் போதும்" என்றாள் சாரதா.

"அறிக்கை என்ன சொல்லுதுன்னு..."

"அறிக்கையா கேம்ப்புக்குப் போவப்போகுது?"

"சரி. ஆனா அப்படி மாத்தி எடுத்தா காரணத்தை எழுத்தில தரணும். குறிப்புகள் கட்டத்தில."

விளையாட்டாகத்தான் சொன்னேன். பாதி விளையாட்டு. அவள் நேராகச் சமையலறைக்குப் போய், டப்பாக்களில் பெயர் எழுதுகிற தடித்த மார்க்கரை எடுத்துவந்தாள். சுவரில் இடது கையால் தடவி ஓரக் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். வரி சரிந்து, கட்டத்தைத் தாண்டி, சுவரிலும் கொஞ்சம் ஏறியது.

"வாசிங்க" என்றாள். "சரியா விழுந்திருக்கான்னு எனக்குத் தெரியல."

வாசித்தேன். தேவசகாயம் பக்கத்தில் நிற்கும்போது, வாய்விட்டு வாசித்தேன்.

'இந்தப் போன் உங்களுக்குத் தெரியாது. அதான்.'

போர் விமானம் கிளம்ப அதுதான் சரியான சமயம். கிளம்பவில்லை.

"நான் உதவிதான பண்ணினேன்?" என்றேன்.

"உதவிதான். யாரு இல்லன்னு சொன்னா? நீங்க வாங்குனா வேலை முடிஞ்சிருது. ஆனா வேலை எனக்கு வந்துச்சா? ரிக்‌ஷால நீங்களும் வந்து 'இங்க கொண்டா'ன்னா, அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்?" என் காதைப் பார்த்துச் சொன்னாள். முகத்துக்குத்தான் சொன்னாள்.

தேவசகாயம் மெதுவாகச் செருப்பைத் தேடினார். அவர் புன்னகைக்காமல் வெளியேறியது அன்று ஒருநாள்தான்.

காரணம் எழுத்தில் இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. நடைமுறைப்படி நான் செய்ய ஒன்றுமில்லை.

போன புதன்கிழமை அவளே ரிக்‌ஷா பிடித்தாள். வண்டி எண்ணைப் போன் வாசித்துக் காட்டியது. கடைசி நான்கு எண்களை இரண்டு தடவை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே டிரைவர் "காகூ, பஸா" என்று இடம் காட்டினார். 'அத்தை, உட்காருங்க' என்று அர்த்தம். "நம்பர் சொல்லுங்க தம்பி" என்று அவரிடம் இந்தியில் கேட்டாள். சரிபார்த்தாள். ஏறினாள்.

"போன் பண்ணாதீங்க. போனதும் நானே பண்ணுதேன்."

கேம்ப்புக்கு முக்கால் மணி நேரம். முக்கால் மணி போனது. ஒரு மணியும் போனது. எந்தப் போனிலிருந்தும் எந்தப் போனுக்கும் இருப்பிடத்தைக் காட்ட வழி உண்டு, எனக்குத் தெரியாதா? ஆனால் அனுமதி அவள் தர வேண்டும். தரவில்லை. எண்ணை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் துண்டித்தேன். ஹால், பால்கனி, ஹால். எதிர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயம் எழுந்தே வந்துவிட்டார்.

"உக்காரும்வே. ஏவுகணையா விட்டிருக்கீரு?"

ஒன்றரை மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது.

"ஏங்க, வந்து ரொம்ப நேரமாச்சு. பேச்சுல மறந்துட்டேன்."

பின்னால் மும்தாஜின் குரல் கேட்டது. "அண்ணன் இனி வரமாட்டாங்களாம்மா? அப்ப அந்த ஸ்டூலை உள்ள எடுத்துப் போடச் சொல்லுதேன்." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அந்தக் கடையில் அப்படி ஒரு சத்தம் உண்டென்றே எனக்குத் தெரியாது.

நான் கேட்டேன். "தக்காளி என்ன விலையாம்?"

"தக்காளியா?" என்றாள் சாரதா. "இப்ப யாரு தக்காளியப் பத்திப் பேசுனா?" வைத்துவிட்டாள்.

உட்கார்ந்தேன். தேவசகாயம் என்னைப் பார்த்தார். தன் புதுப் போனை எடுத்து நீட்டினார்.

"ஒரு மணி நேரம் போதும்வே. மூணு விரல், ரெண்டு விரல், எல்லாம் சொல்லித் தந்துருதேன். அப்புறம் அவங்க போனையும் நீரே பாத்துக்கிடலாம்."

கை நீண்டது. பாதி வழியில் மடக்கிக்கொண்டேன்.

வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே கற்றுக்கொள்ளாமல் விட்ட நடைமுறை, வாசகர்களே, இது ஒன்றுதான்.