சபாநாயகர் நாற்காலியில் எங்கள் எம்எல்ஏ!

மல்லசமுத்திரம் பஸ்ஸில் போனில் சட்டசபை நேரலை பார்த்துக்கொண்டே வந்தேன். சபாநாயகர் எழுந்து போக, சபையை நடத்தும் மாற்றுத் தலைவராக எங்கள் தொகுதி எம்எல்ஏ அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்! கத்தியே விட்டேன்.

பக்கத்து சீட் அக்கா தறிக்குப் போகிறவர். எங்கள் ஊருக்குக் காலையில் பஸ் இல்லாததால் தினமும் மெயின்ரோடு வரை நடக்கிறார்.

"ஏஞ்சாமி, நம்மூருக்குப் பஸ் கேக்கறேன்னு சொன்னாங்களே?"

"அங்க உக்காந்துட்டா கேக்க முடியாதுங்கக்கா."

"அப்புறம் எதுக்கு உக்காந்தாங்களாமா!"

அதற்குள் எதிர்க்கட்சி வரிசையில் பக்கத்துத் தொகுதிக்காரர் எழுந்து, எங்கள் ஊர் பேரைச் சொல்லியே பஸ் கேட்டார். நாற்காலியிலிருந்து, "நேரம் இருக்கு, நிதானமாப் பேசுங்க" என்று எங்கள் எம்எல்ஏ குரல் வந்தது.

அக்கா சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க பாரு!"

பரிசீலிப்பதாக அமைச்சர் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர்க் கணக்கில் அது எத்தனை மாதம், மக்களே?