ஏலத்தில் எடுத்த பறக்கும் சீட்டு

என் மக்களே, உங்கள் அம்மா கடலுக்கு மேலே பறந்திருக்கிறாள் என்று வகுப்பில் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள் என்று மூத்தவள் போன வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, அது நெசமா? இல்ல நம்மள உறக்குததுக்குப் பறஞ்ச கதையா?" என்று சின்னவள் கேட்டாள். நிஜம்தான். நீங்கள் இருவரும் அங்கேதான் இருந்தீர்கள். மூத்தவளுக்கு அன்று நாலு வயது. சின்னவள் என் தோளில் கிடந்து உறங்கினாள். ஓர்மை இருக்க வழியில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

அருமனைப் பக்கத்தில் நம் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். வீட்டில் விளைந்ததை எல்லாரும் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி எல்லாம் வரும். ஓர் எலுமிச்சம்பழம் சில வருஷம் ஒரு கோழியின் விலைக்குப் போகும். பணம் ஆண்டவருக்குப் போகிறது, அதனால் எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் யாரும் அதை நஷ்டமாக நினைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. அங்கே யாரும் பொருளைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். குலையில் அழுகல் இருக்கிறதா என்று பார்க்கிறவனைச் சபையே ஒரு மாதிரி பார்க்கும்.

அந்த வருஷம் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கவரைப் படைத்தான். மார்த்தாண்டத்தில் ஒரு பொருட்காட்சியில் மேசை போட்டு விற்றவர்களிடம் வாங்கியதாம். உள்ளே வழுவழுப்பான அட்டை. நீலக் கடல், சிவப்புப் பாராசூட், அதில் தொங்குகிற ஒரு வெள்ளைக்காரி. 'நான்கு பேர் பறக்கலாம், எழுபது சதவீதம் தள்ளுபடி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே நம் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றின் பெயர்.

ஏலம் விட்ட சபை மூப்பர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாராசூட்டுல கெட்டி, கடலுக்கு மேல பறக்குத சீட்டு! நாலு பேருக்கு! போனா ஆகாசம், விழுந்தா கடலு! யாரு கேக்குதிய?"

"மூப்பரே, ஒமக்க வீட்டுக்காரிய ஏத்தி விடும், பாராசூட்டு கிழிஞ்சு போவும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்குள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் விலை சொன்னது. யாரென்று நானும் எட்டிப் பார்த்தேன். உங்கள் அம்மா.

அவள் அப்போது அண்டியாபீசில் வேலை பார்த்தாள். முந்திரி ஆலையை நாம் அப்படித்தானே சொல்வோம். காலையில் குந்தினால் சாயங்காலம் வரை தரையில் இருந்து கொட்டையைத் தல்லி உடைத்துப் பருப்பு எடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து தனக்கு இன்னது வேண்டும் என்று ஒன்றும் கேட்டதில்லை. சேலை எடுக்கப் போனால்கூட நான் காட்டியதே போதும் என்பாள். அப்படிப்பட்டவள் ஜவுளிக்கடைக்காரரோடு போட்டி போட்டுக் கூட்டிக் கூட்டிக் கேட்டாள். கடைசியில் அவர் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"ஏட்டி, இது எதுக்கு?"

"எனக்குப் பறக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  இவளுக்குள்ளே இப்படி ஓர் ஆசை எத்தனை நாளாக இருந்தது, எனக்குத் தெரியாமல்?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது தள்ளுபடிச் சீட்டு. மீதி விலையை அங்கே போய்க் கட்ட வேண்டும். தள்ளுபடியாகக் கிடைப்பதைக் காட்டிலும் கூடுதலாகக் கேட்டு ஒரு தள்ளுபடிச் சீட்டை ஏலம் எடுத்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். அன்று அது எங்களுக்கு உறைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கும் உறைக்கவில்லை. கோவிலில் வைத்த பொருள், அதில் பொய் இருக்காது என்று நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை மூன்று பஸ் மாறிப் போனோம். அம்மா கோவிலுக்குப் போகிற நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். கடற்கரையில் இறங்கியதும் மணலில் பாராசூட் விரிந்து கிடப்பதைக் கண்டோம். சிவப்பு அல்ல, வெயிலில் வெளுத்த ஆரஞ்சு. காற்று வந்தபோது அது மூச்சு விடுகிற பெரிய மிருகம் போலப் புடைத்து அடங்கியது. மூத்தவள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அதை நடத்தியவன் கடலோரத்துப் பையன்தான். அம்மா அந்த அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அக்கா, இது எங்க சீட்டு இல்ல."

"இதுல இந்தக் கடற்கரைக்க பேரு போட்டிருக்கே?"

"பேரப் போட்டிருக்கான். எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. வாரம் ஒரு குடும்பமாவது இதத் தூக்கிட்டு வருது. நாங்க என்னமோ ஏமாத்தின மாதிரி எங்கள ஏசிட்டுப் போறாவ."

அட்டையைத் திருப்பிக் காட்டினான். பின்னால் எறும்பு வரிசை போலப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். அவன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னான். பறக்க வைக்கிறவர் சம்மதித்தால் மட்டும் செல்லும். சனி ஞாயிறு செல்லாது. பணம் திருப்பித் தரப்படாது. பிறகு முன்பக்கத்தைக் காட்டினான்.

"இந்த முழு வெலையப் பாருங்க அண்ணாச்சி. இந்த வெலைக்கு நாங்க ஒரு நாளும் ஆள ஏத்துனதில்ல. அந்தப் பலகையப் பாருங்க."

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். தள்ளுபடி போக அட்டையில் கட்டச் சொன்ன தொகையைவிடப் பலகையில் எழுதியிருந்த விலை குறைவு! இல்லாத ஒரு விலையை மேலே எழுதி, அதிலிருந்து தள்ளிக் காட்டியிருக்கிறார்கள். அட்டையில் இருந்த நம்பருக்கு அந்தப் பையனே போன் போட்டுத் தந்தான். பதிவு செய்த ஒரு பெண்குரல் நமக்குப் புரியாத பாஷையில் இனிமையாகப் பேசிவிட்டு நின்றது.

"செரி, போவோம்" என்றாள் அம்மா. சொன்னாள், ஆனால் போகவில்லை. மணலில் உட்கார்ந்து பாராசூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்பிப் போனால் இனி இவள் ஒன்றும் கேட்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பயம் இன்றைக்கும் ஓர்மை இருக்கிறது.

சீட்டு இருக்கிறதே என்று அதிகம் பணம் கொண்டுபோகவில்லை; கையில் இருந்தது பலகை விலைக்கு ஒருவர் ஏறவும் பஸ்ஸுக்கும்தான் போதும். "நீ ஏறு" என்றேன்.

"நீங்க ஏறுங்க."

"நான் ரப்பர் மரத்துக்க மூட்டுல நின்னு பால் வெட்டுகவன். ஏணி கண்டாலே எனக்குப் பேடி."

"அப்ப, பிள்ளையளுக்கு ஐஸ் வாங்கிக் குடுத்துட்டுப் போவோம். ஆளுவ சிரிக்கும்."

பக்கத்தில் மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்த கடலோரத்து அம்மை ஒருத்தி எங்கள் வழக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல் சத்தம் போட்டாள்.

"ஏட்டி, எனக்க மாப்பிள தெனமும் கடலுல போறாரு. நான் கரையில நின்னு பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு. ஒனக்க மாப்பிள, நீ போ, நான் கரையில நிக்கேன்னு சொல்லுதாரு. இந்த மாதிரி ஒருத்தன் எனக்குக் கெடச்சிருந்தா நான் இன்னேரம் கப்பலே ஏறிருப்பேன். எழும்புட்டி!"

அம்மா சிரித்துவிட்டாள். எழும்பினாள்.

சேலையோடு பெல்ட் மாட்ட முடியாது என்றான் பையன். தன்னுடைய விளையாட்டுப் பேண்ட் ஒன்றைத் தந்தான். மாங்காய்க்காரி தன் சாக்கை மறைப்பாகப் பிடிக்க, அம்மா அதைச் சேலைக்குள்ளே போட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டாள். அதன்மேல் மிதவைச் சட்டை. இரண்டு பையன்கள் பாராசூட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். கயிற்றின் மறுமுனை கடலில் நின்ற படகில். "கயிறு இழுத்ததும் ஓடணும், குந்தி இருந்துரக் கூடாது கேட்டியளா" என்று பையன் பலமுறை சொன்னான்.

படகு உறுமியது. கயிறு விறைத்தது. அம்மா ஓடினாள். ஐந்து அடிகூட இருக்காது. ஆறாவது அடி வைக்கக் கால் கீழே வந்தபோது அங்கே மணல் இல்லை.

மக்களே, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய ஒரு கை அவளைத் தோளில் பிடித்துத் தூக்கியது போல இருந்தது. அலைக்கு மேலே போனாள். தென்னை உயரம் போனாள். பிறகு தென்னைக்கு மேல் தென்னை வைத்த உயரம். அவளுடைய நிழல் தண்ணீரில் ஒரு சின்ன மீன் போலத் தனியாக ஓடியது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஜெபம் பண்ண வேண்டும் என்று தோன்றியது, அதையும் மறந்து பார்த்தேன். மூத்தவள் மட்டும் "அம்மா வருமா? அம்மா வருமா?" என்று என் வேட்டியை இழுத்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் அந்த ஆரஞ்சு துணி எரிவது போல மின்னியது. அதன் கீழே, தினமும் என்னோடு கஞ்சி குடிக்கிற ஒருத்தி. அதுவரை அவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அன்று நினைத்தேன்.

இறங்கும்போது அலையில் கால் நனைந்து மணலில் முட்டுக்குத்தி விழுந்தாள். ஓடிப் போய் ஒரு கையால் தூக்கினேன்.  அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம்.

"நம்ம மல தெரிஞ்சுது" என்றாள். "கடலும் மலையும் இம்புட்டு பக்கத்துலயா இருக்கு? நாம இதுக்க எடையிலயா கெடக்கோம்?"

பஸ்ஸில் திரும்பினோம். மார்த்தாண்டம் நெருங்கும்போது நான் கேட்டேன், "சீட்டு தந்த தம்பிக்கிட்ட இத பறையணுமா? அவன் நல்ல மனசோட படைச்சது."

"பறையணும். இல்லன்னா இனியும் வாங்குவான். ஆனா முதல்ல நான் பறந்தத பறஞ்சிட்டு, பொறவு அட்டைய காட்டணும்."

மறுநாள் அப்படியே செய்தாள். அவன் முற்றத்தில் நின்று சிரித்துக் கேட்டவன், அட்டையின் பின்பக்கத்தை வாசித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கை கல்யாணத்துக்குப் பரிசாக அதே மாதிரி இன்னொன்று வாங்கி வைத்திருந்தானாம். "அக்கா, நான் கடவுளுக்கே கள்ளச் சீட்டு குடுத்துட்டேனே" என்றான். கண் நிறைந்துவிட்டது.

"சவத்த விடு. கடவுள் என்னைய பறக்க வச்சிட்டாருல்லா" என்றாள் அம்மா.

கண்ணைத் துடைத்துவிட்டு அவன் மெதுவாகக் கேட்டான்: "மேல எப்படி அக்கா இருந்துது?"

அம்மா இரண்டு கையையும் விரித்தாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த கைகள். "மேல போனப்பம் படகுக்க சத்தம் நின்னு போச்சு. ஒரு ஒச்ச இல்ல. பிள்ளைய, வீடு, ஆபீசு, இவரு, ஒண்ணும் ஓர்மைக்கு வரல்ல. நான் மட்டும் இருந்தேன்" என்றாள்.

என்னிடம் அவள் சொல்லாதது அது. பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை மக்களே. ஆகாசத்தைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.