மட்டாஞ்சேரியில் இரவல் வாங்கிய ரைஃபிள்

மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் ஏர் ரைஃபிளின் மரக்கட்டை விரிசல் விட்டது. புதிது வாங்க என் ஒரு வருடச் சம்பளம் போதாது. போன வருடம் ஒன்றரைப் புள்ளியில் தகுதியைக் கோட்டைவிட்டவள் நான். இந்த முறையும் தேறாவிட்டால் சுடுவதையே விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால்தான் இரவல் வாங்கக் கொச்சிக்குப் போனேன். யூதர் தெருவான ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் இங்கேயே விடைபெறலாம்.

காலை ஆறேகாலுக்குக் கோவையில் ரயில் ஏறி, பத்தரைக்கு எர்ணாகுளத்தில் இறங்கினேன். அங்கிருந்து மட்டாஞ்சேரி சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 280 ரூபாய் கொடுத்தேன். போகும்போது கை வீசிப் போகிறவர்கள் படகில் போங்கள், மலிவு.

மகேஷ் என்னோடு கோவையில் கல்லூரி அணியில் சுட்டவன். பல தலைமுறையாக மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பம்; கொச்சங்காடியில் மிளகு குடோன் இருக்கிறது. போனில் கேட்டதுமே எடுத்துக்கொள் என்றவன். அன்று குடோன் மாடியில் ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னக்கட்டை, விசை, பார்வைத் துளை எல்லாம் சரிபார்த்தேன். காற்று சிலிண்டரை மட்டும் அவனே முன்கூட்டிக் கழற்றி, காலி செய்து, துண்டில் சுற்றி வைத்திருந்தான். ரயிலில் காற்றோடு கொண்டுபோகக் கூடாதே என்றான். எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். அசடு.

பை சோதிக்கும் மெட்ரோவில் இந்தப் பெட்டியோடு ஏறுவது வீண் தொல்லை. சரக்கு விஷயமாக ஆலுவா போகிற அவனே என்னைக் காரில் அங்கே ரயில் ஸ்டேஷனில் விட்டான். சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தான். பெட்டியைத் தரையில் வைக்காதே என்று வழியெல்லாம் சொன்னான். கோவை வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ரேஞ்சில் கருவிச் சோதனை வரிசையில்தான் துண்டைப் பிரித்து சிலிண்டரைப் பொருத்தினேன். சோதித்த அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது காலாவதியாகி ஏழு மாசம் ஆச்சும்மா. உள்ள விட முடியாது."

இந்த சிலிண்டர்களுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். சுடுகிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பழைய ரைஃபிளின் சிலிண்டர் வேறு கம்பெனி, இதில் பொருந்தாது. இதே கம்பெனி சிலிண்டர் வைத்திருந்த இருவரும் என் சுற்றிலேயே சுடுகிறவர்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது? என் இலக்கு எண்ணுக்கு முன்னால் யாரும் நிற்காமல் சுற்று முடிந்தது. வெளியே வந்து மகேஷுக்குப் போன் போட்டேன். வேறு சிலிண்டர் இல்லையா என்று கேட்டேன்.

"உண்டு. அது புதுசாக்கும், வெளிய குடுக்க மனசு வரலை. தேதியெல்லாம் ஆரு நோக்கறா?" என்றான். பிறகு, "ரைஃபிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு அதே ரயிலில் போய்த் திருப்பிக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, கீறல் இருக்கிறதா என்று கட்டையை விரலால் தடவிப் பார்த்தான். திருப்திதான் அவனுக்கு. பின்னால் அலமாரியில் புது சிலிண்டர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவல் வாங்கப் போகிறவர்களுக்கு: ரைஃபிள் வாங்கிய பில்லின் நகல், உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் கிளப் அட்டை மூன்றும் கையோடு இருக்கட்டும். என்னை வழியில் யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டால் பதில் வேண்டும். குண்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். சிலிண்டரை உங்கள் கையாலேயே கழற்றுங்கள், தேதியைப் படியுங்கள். உடனே எடுத்துக்கொள் என்று சொல்பவரிடம், எதைத் தர மாட்டாய் என்றும் கேளுங்கள்.

என் ரைஃபிளின் விரிசலை ஒட்டிக் கொடுக்க ஆள் கிடைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேனே.