வாழையடியில் துப்பிய வைன்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெடும்பயணத்தில் அலுத்துப்போயிருந்தேன். தன் தோட்டத்துத் திராட்சையில் வைன் போடும் பெரியவரைத் தேடி வந்திருக்கிறேன். அவர் செத்து இரண்டு மாதமாம். வாசல் படலையில் நின்றபடியே அவருடைய மனைவி சொல்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்கிறார்.

"சாடி நுரைக்கிற சத்தம் கேக்கவெண்டு பக்கத்திலை பாய் போட்டுப் படுக்கிற மனுசன், தம்பி. ஆனா ஒரு சொட்டும் விழுங்கினதில்லை. விரதகாரர். வாயிலை வைச்சுப் பாத்திட்டு உந்த வாழையடியிலை துப்பிப்போடுவார். உந்த வாழைக்குலையை நான் கோயிலுக்குக் குடுக்கிறதில்லை."

கடைசிப் போத்தலைத் திறந்து பேணியில் ஊற்றித் தருகிறார்.

"குடிக்கிற ஆக்களிட்டை ஒண்டுதான் கேப்பார், தொண்டைக்குள்ளை எப்பிடி இருக்கெண்டு. அது மட்டும் அவருக்குத் தெரியாது."

மறுக்கத் தெம்பில்லை. குடிக்கிறேன். அவர் என் தொண்டையையே பார்க்கிறார்.

"எப்பிடி?"

நல்லாயிருக்கு என்று சொல்லித் தப்பலாம். அலுப்பில் உண்மை வந்துவிடுகிறது.

"கொஞ்சம் எரியுது, அம்மா."

தலையாட்டிவிட்டு வாழைப்பக்கம் திரும்புகிறார்.

"இஞ்சாருங்கோ, எரியுதாம்."