இரண்டாவது சிலிண்டர்

என் மூத்த மருமகள் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இன்று ஒரு சின்ன டிராக்டர்தான் அவள் பிழைப்பு. மரக்கன்றுப் பண்ணையில் பெரிய வண்டி நுழையாத வரிசைகளுக்குள் அது நுழையும். கன்றுகளைத் தூக்கி இடம் மாற்றி நடுவது அவள் வேலை.

கன்றுகள் வளர்ந்து மரமாகிவிட்டன. வேர்மண்ணோடு சாக்கு சுற்றிய மரத்தைப் பின்னால் மாட்டி லிவரை இழுத்தால், வண்டியின் தூக்கும் கைகள் முனகும்; மரம் எழாது. முதலாளி பார்த்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாரும்மா. முடியலன்னா ஒரு வரிசையை வெட்டிட்டுப் பெரிய வண்டியை உள்ள விட்டுடறேன்."

பெரிய வண்டி வந்துவிட்டால் அப்புறம் இவளுக்கு அங்கே என்ன வேலை? மெக்கானிக்கிடம் போனாள்.

"எண்ணெய் பிரஷர் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டாத் தூக்கிடும்க்கா."

"பம்பு தாங்குமா?"

"தாங்குற வரைக்கும் தாங்கும்."

"அப்ப தொடாத."

பிடிவாதக்காரி என்றான் அவள் புருஷன், என் மூத்த மகன். பம்பு போனால் வண்டியே போச்சு. இதில் என்ன பிடிவாதம்? எனக்கு அன்றும் அப்படித் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அவள் கேட்டது, எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் கையைத் தள்ளுகிற சிலிண்டர் இன்னொன்று. வெல்டர் அதைத் தூக்கும் கையோடு சேர்த்துப் பொருத்தினார். மெக்கானிக் எண்ணெய்க் குழாயில் கிளை எடுத்துக் கொடுத்தான். பிரஷர் அதேதான், தள்ளுவதற்கு மட்டும் இரண்டு பேர். ஒரே பம்பு இரண்டு வயிற்றை நிரப்ப வேண்டுமே, அதனால் மெதுவாகத்தான் ஏறும் என்றும் சொல்லி அனுப்பினான்.

திங்கட்கிழமை லிவரை இழுத்தாள். மரம் அசையவில்லை, வண்டியின் முன்சக்கரங்கள் மேலே போயின. வேலையாட்கள் சிரித்தார்கள். முதலாளி பெரிய வண்டிக்காரனுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

"நான் முன்னாடி ஏறி உக்காந்துக்கவா?" என்றான் கூட வந்திருந்த என் மகன். ஆள் கனத்த உடம்பு.

"நீங்க விழுந்தா உங்களத் தூக்க யாரைக் கூப்பிடறது? போய் இரும்பு வெயிட்டை எடுத்துட்டு வாங்க."

வெயிட்டுகளை வண்டியின் மூக்கில் மாட்டினார்கள். மறுபடி இழுத்தாள். முன்சக்கரங்கள் தரையிலேயே நின்றன.

"இது எப்பம்மா மேல வரும்?" என்றார் முதலாளி, போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

"வளர இத்தனை வருஷம் ஆச்சுல்ல சார். ஏறவும் கொஞ்சம் விடுங்க."

மரம் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. அதற்கு மேல் தேவையுமில்லை. இரு பக்கமும் ஓர் இலை உரசாமல் வரிசையைக் கடந்து போய்க் குழியில் இறக்கினாள். முதலாளி போனில், "இல்ல, வேணாம், வர வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. அடுத்த மரத்துக்கு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே, புருஷனைத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினாள்.