சுக்கானுக்குப் பக்கத்து இடம்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைப் பெற்ற தாயே சொல்லியிருக்கிறாள். சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். ஊருக்குள் அவள் ரேடியோ அக்கா. சுற்றுலாப் படகில் மைக்குடன் நின்று, கரையோரக் காட்சிகளைப் பயணிகளுக்குச் சொல்வது அவள் வேலை; படகை ஓட்டுவது அவள் புருஷன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவனைப் போல இருப்பான். அவன் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

சரக்குக் கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போன பிறகு, பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் ஊரே பிழைக்கிறது. கயிறு திரித்த ஆலை இன்று ஓவியக்கூடம். உப்புக் கிடங்கில் நாடகம் போடுகிறார்கள். விடுமுறை நாட்களில் மிதக்கும் மேடையில் கச்சேரி. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சொல்லி முடிப்பாள். கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுக்கும். அங்கே மட்டும் மைக்கைச் சற்று விலக்கி, "ஏங்க, மெதுவா. லெஃப்டுல ஒடிங்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் அவனும் திருப்புவான். தான் இல்லாவிட்டால் படகு பாறையில் ஏறிவிடும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

படகும் ஓவியக்கூடமும் வைத்திருந்த முதலாளியம்மா இன்னொரு படகு வாங்கினார்.

"ஒரு வாய் ரெண்டு படகுல பேச முடியுமா? உன் குரலைப் பதிவு பண்ணி ரெண்டுலயும் போட்டுடலாம். நீ ஓவியக்கூடத்துல டிக்கெட் குடு. நிழல்ல உக்காந்து பாக்குற வேலை."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்குப் புருஷனும் தலையை ஆட்டிவிட்டான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

பதிவு அறையில் ஜன்னல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, படகில் நிற்பதாகவே நினைத்து, ஒரே மூச்சில் பேசிவிட்டு வந்தாள். பதிவு செய்தவர் முழுதாகக் கேட்டுப் பார்க்காமலே அதைப் பேசும் பெட்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

பெட்டியோடு புருஷனின் படகு கிளம்பிய முதல் ஓட்டத்தில் அவளும் பயணியாக ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பெட்டி அவள் குரலில் பேசியது. அவள் பேசினால் யாராவது குறுக்கே கேள்வி கேட்பார்கள், குழந்தை அழும், நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வாள். பெட்டிக்கு அந்தத் தொல்லை ஏது? அது பாட்டுக்கு முன்னால் ஓடியது. படகு உப்புக் கிடங்கைத் தாண்டும்போதே கலங்கரை விளக்கத்தின் கதை முடிந்துவிட்டது. அடுத்துப் பெட்டி சொன்னது: "ஏங்க, மெதுவா. லெஃப்டுல ஒடிங்க."

ஒடித்தான். இடப்பக்கம் மிதக்கும் மேடை. அவள் எழுந்து கத்துவதற்குள் படகின் மூக்கு அதில் இடித்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவரின் டிரம் உருண்டு தண்ணீரில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துப் பயணிகள் கைதட்டினார்கள்.

அந்த வார்த்தைகளை வெட்டியெடுத்து, நடுநடுவே இடைவெளி விட்டுப் பெட்டியைச் சரிசெய்தார்கள். அவள் டிக்கெட் கொடுக்கப் போனாள்.

நாற்காலி முள்ளாகக் குத்தியது. ஒரு டிக்கெட் கிழிப்பாள், எழுவாள். நேராக இருக்கும் படத்தையே நேராக்குவாள். வாசல்வரை போய்த் திரும்புவாள். ஓவியம் பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு நேரே கலங்கரை விளக்கம். புருஷனின் படகு அதைத் தாண்டியபோது, வரிசையில் நின்றவர்களை மறந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, மெதுவா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவ்வளவு தூரம் எங்கே கேட்கப்போகிறது? ஆனால் படகு வேகம் குறைந்து, இடப்பக்கம் அழகாகத் திரும்பி, பாறையை விட்டு விலகிப் போயிற்று.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. இத்தனை வருஷமும் காற்றிடமா பேசிக்கொண்டிருந்தோம்?

சாயங்காலம் அவன் படகைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றாள்.

"நான் சொல்லாமலே உங்களுக்கு அங்க திருப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஓட்டக் கத்துக்கிட்டதுலேர்ந்து."

"அப்ப எதுக்கு என்னைத் தொண்டை கிழியக் கத்த விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? நீயா கத்தினே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவு தெரிஞ்சவருக்கு அன்னிக்கு அந்த மேடை கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

அவன் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா ஒடிச்சீங்க?"

"நீ சொன்னியே."

சிரிப்பதா, நாலு வார்த்தை திட்டுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அவள் ஒன்றும் பேசாமல் நடந்ததை எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

மறுநாள் காலை டிக்கெட் அறைச் சாவியை முதலாளியம்மாவின் மேசைமேல் வைத்தாள். பெட்டி புதுப் படகோடு இருக்கட்டும், பழைய படகில் தானே நிற்பதாகச் சொன்னாள்.

"ஏன், நாற்காலி பிடிக்கலையா?"

"நாற்காலி என்ன பண்ணுச்சு, பாவம். அந்தப் பெட்டிக்கு என் வாய் இருக்கு, கண்ணு இல்லையேம்மா. நான் சொன்னா மேடைமேலயே ஏத்துற மனுஷன் அவர். பாத்துச் சொல்ல ஆள் வேணாமா?"

முதலாளியம்மா பதிலை யோசிக்கும்போதே அவள் படித்துறைக்குப் பாதி வழி போய்விட்டிருந்தாள்.