கைசா ஒளிந்த கொல்லை

ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "நீ விளையாட வேண்டாம், மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக் கைதட்டு" என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நான் அப்படிச் சொன்னதே இல்லையே என்பீர்கள். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. நாலு படிக்கட்டு கட்டினால் போதும். ஒரு லாரி கூழாங்கல்லைக் கொட்டினால் போதும். உங்களுக்குப் பதிலாகக் கல் பேசிவிடும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் திடலில் கல்தான் பேசியது. ஊஞ்சலைச் சுற்றியும் சறுக்குமரத்தைச் சுற்றியும் கணுக்கால் புதையும் அளவுக்குக் கூழாங்கல். பிள்ளைகள் விழுந்தால் அடிபடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொட்டியது. அதில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இறங்கினால், சேற்றில் மாட்டிய மாட்டுவண்டிதான். மார்லா நியேமியின் மகள் கைசா பள்ளியில் சேர்ந்த முதல் நாளே அது தெரிந்துவிட்டது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள் அவள். கால்களால் நிற்க மாட்டாள். மற்ற எல்லாவற்றாலும் நிற்பாள். வாயால் மிக நன்றாக நிற்பாள்.

பள்ளிக்கூடம் ஒரு வழி கண்டுபிடித்தது. கைசாவின் கழுத்தில் சிவப்பு பிளாஸ்டிக் விசிலை மாட்டி, கல் தொடங்கும் இடத்துக்கு வெளியே நிறுத்தி, "நீதான் அம்பயர்" என்றார்கள். கௌரவமான பதவி. ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளை மற்றவர்களின் ஆட்டத்துக்கு விசில் ஊதியது.

மார்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறோம். வருடத்தில் பாதி பனி. மார்லா மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். பள்ளிப் பேருந்துக்கும் பிரசவ வலிக்காரிக்கும் பிணவண்டிக்கும் அவள்தான் வழி திறந்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வாரம், யாரோ அவள் லாரியின் ஸ்டியரிங்கில் பூப்போட்ட சமையல் ஏப்ரனைத் தொங்கவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அதைக் கட்டிக்கொண்டுதான் எஞ்சின் எண்ணெய் பார்த்தாள். வசந்தம் வந்தபோது, தொங்கவிட்டவனே வந்து, "அத கழட்டித் தொலையேன், பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு" என்றான்.

அப்படிப்பட்டவள், ஊருக்கெல்லாம் வழி திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்வாசலில் மகள் உட்கார்ந்திருப்பாள். வாசலுக்கு அப்பால் கொல்லை. சரிவான மணல், பைன் மர வேர்கள். ஒரு சக்கரம்கூட நகராது.

சனிக்கிழமை மாலை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சவுனா உண்டு. வீட்டை ஒட்டிய மரக்குடிலில் விறகடுப்பு மூட்டி, சூடேறிய கல்லில் தண்ணீர் தெளித்து, ஆவியில் வேர்த்துக் குளிப்பது. அன்று மார்லாவின் கணவன் டேல் முதலில் உள்ளே போனான். போன வேகத்தில் இடுப்பில் துண்டோடு இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தான்.

"யாரு அடுப்புல பிளாஸ்டிக்கப் போட்டது? மூச்சே முட்டிப் போச்சு!"

"நான்தான்" என்றாள் கைசா. விறகு போடும் வேலை அவளுடையது. அடுப்பின் வாய் வெளிச்சுவரில், பின்வாசலில் உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

"என்னத்தடி போட்ட?"

"விசில. நான் ராஜினாமா பண்ணிட்டேன்."

டேல் சிரிக்கப் போனான். மகள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். மார்லா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "ஏன் கண்ணு?"

"எம்மெட் சொல்றான், அம்பயர ஆள் கணக்குல சேக்க மாட்டாங்களாம். ரெண்டு டீமும் பிரிச்சப்புறம் மீதி இருக்கறதுதானாம் அம்பயர்."

எம்மெட் பக்கத்து வீட்டுப் பையன். அவனைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் பூசி மெழுகியதை அவன் உடைத்துச் சொன்னான், அவ்வளவுதான்.

மறுநாள் தேவாலயத்தில் ஆராதனைக்குப் பிந்திய காபி நேரத்தில் மார்லா கொல்லையைச் சரிசெய்யப் போவதாகச் சொன்னாள். பெர்னிஸ் என்ற அம்மாள், ஞாயிறு வகுப்பு எடுப்பவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாதம்மா. ஸ்பெஷல் அம்மாவாப் பாத்துத்தான் கடவுள் ஸ்பெஷல் குழந்தையக் கொடுப்பார்."

"அப்படியா? அப்ப ஸ்கூல்ல கூழாங்கல்லக் கொட்டினதும் அவர்தானா? இல்ல, அது கமிட்டி போட்ட தீர்மானமா?" என்றாள் மார்லா.

பெர்னிஸ் கையை விட்டுவிட்டார். எனக்கு இந்த 'ஸ்பெஷல்' என்ற சொல்லைக் கேட்டாலே எரிகிறது. தேவதை, தெய்வக் குழந்தை, ஸ்பெஷல்: எல்லாம் ஒரு பிள்ளையை அலமாரியில் தூக்கி வைக்கும் சொற்கள். விதி என்று சொல்லிவிட்டால் மண்வெட்டி எடுக்க வேண்டியதில்லை பாருங்கள். கைசாவின் முதுகுத்தண்டு இயற்கையின் காரியம். கூழாங்கல் மனிதர்களின் காரியம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கடவுள் தலையில் வைப்பது பக்தி அல்ல, சோம்பேறித்தனம்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் அல்ல. பின்லாந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகளின் வாரிசுகள். இங்கே ஒரு வழக்கம் உண்டு: உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கேட்டால், அடுத்தவர் வாய்விட்டு யாசிக்க வேண்டிவரும். அந்த அவமானத்தை ஒரு மனிதருக்குக் கொடுக்கக் கூடாது. கூரை ஒழுகுகிறது என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும், சனிக்கிழமை ஏணியோடு வந்து நிற்பார்கள். வேலை முடித்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டியைத் தின்று, காபி குடித்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விடுவார்கள். அழகான வழக்கம்தான். கேட்காமல் செய்யும் உதவியில் என்ன தப்பு நேரும் என்பது அந்தச் சனிக்கிழமைவரை எங்களுக்குத் தெரியாது.

மார்லா தேவாலயத்தில் சொன்னது காதில் விழுந்து, எதிர்வீட்டு ரூடி தலைமையில் ஆட்கள் வந்தார்கள். ரூடி ஓய்வுபெற்ற தச்சர். கைசாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மாலைக்குள் கொல்லையில் ஒரு மேடை எழும்பியது. வளைந்து ஏறும் சாய்தளம், சுற்றிலும் கைப்பிடி வேலி, உச்சியில் ஒரு கொடி. இழைத்துத் தேய்த்துச் சிராய் ஒன்று விடாமல் செய்திருந்தார்கள். மேலே நின்றால் ஏரி தெரியும்.

கைசா வந்தாள். தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். எம்மெட்டும் அவன் தங்கை டெஸ்ஸாவும் மற்ற பிள்ளைகளும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். மேலே ஏறி ஏரியைப் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மேடைக்கு அடியில் இருட்டாக, தாழ்வாக, பிரமாதமான குகை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவராக இறங்கிப் போய் அதற்குள் புகுந்துகொண்டார்கள்.

மேலே கைசா மட்டும் இருந்தாள். கைப்பிடி வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று ரூடி கேட்டார்.

"ரொம்ப நல்ல கேலரி, ரூடி மாமா. இங்கேருந்து எல்லாம் நல்லாத் தெரியுது."

காபிக் கோப்பைகள் அப்படியே நின்றன. அவள் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது அப்படி அறைந்தது.

மார்லா சாய்தளத்தில் ஏறினாள். மகளின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். "உனக்கு என்னடி வேணும்?"

கைசா நம்பாமல் பார்த்தாள். "நெஜமா கேக்கறியா?"

"நெஜமாத்தான்."

"நான் ஒளியணும். என்னைய யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. நீகூட."

மார்லாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். மகள் பிறந்த நாளிலிருந்து அவளைப் பார்வையிலிருந்து விடாதவள். குழாய், மருந்து, அறுவைச் சிகிச்சை, இரவுக் காய்ச்சல் என்று கண்ணை எடுக்காமல் காப்பாற்றிய பிள்ளை. அந்தக் கண்ணிலிருந்துதான் தப்பிக்க வேண்டும் என்கிறது.

"அது எப்படிம்மா," என்றார் காபி ஊற்ற வந்திருந்த பெர்னிஸ். "ஏதாவது ஆயிட்டா?"

மார்லா திரும்பினாள். ரூடியைப் பார்த்தாள். அவர் தன் மேடையை அடிமுதல் நுனிவரை ஒருமுறை பார்த்தார். "வாழ்க்கை பூரா ஆணி அடிச்சிருக்கேன்," என்றார், "கேலரின்னு யாரும் சொன்னதில்ல." பிறகு ஆணி பிடுங்கும் கடப்பாரையைத் தேடப் போனார்.

இந்த முறை கைசாவை எங்கும் அனுப்பவில்லை. அவள் முன்னால் போனாள். சக்கரம் எங்கே திணறியதோ, எங்கே திரும்ப இடம் போதவில்லையோ, அங்கே டேல் குச்சி நட்டான். மார்லா சாலையோரத்துக்குப் போடுவது போலக் கல்தூளைப் பரப்பி, நனைத்து, கல் மாதிரி இறுகும்வரை இடித்தாள். மேடைப் பலகைகள் மணல்தொட்டி ஆயின. அடியில் முழங்கால் நுழையும்படி உயரமாக ஒன்று, நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கும்படி தரையோடு ஒன்று. இரண்டாவதைப் பார்த்து டேல் முணுமுணுத்தான்.

"எறங்கிட்டா யாரு ஏத்தறது?"

"நானே ஏறுவேன்."

"மேலெல்லாம் மண்ணாகும்."

"அதுக்குத்தாம்பா எறங்கறது!"

ஆனால் ஒளிய இடம்? தீர்வு கொல்லையில் குவிந்து கிடந்தது. இலையுதிர்காலம் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காலத்துக்கான விறகை அடுக்குவார்கள். மேப்பிள், பிர்ச், வரிசைக்குப் பின் வரிசை, இடைவெளி இல்லாமல். அந்த வருடம் மார்லா வீட்டில் மட்டும் நாற்காலி புகுந்து திரும்பும் அளவுக்கு இடைவெளி விட்டு, வளைத்து வளைத்து அடுக்கினார்கள். மேடையின் கைப்பிடி வேலி, அடுக்கு சரியாமல் இருக்க முட்டுக்கால் ஆயிற்று. நிற்பவர் தலை தெரியும், உட்கார்ந்தவர் தலை தெரியாது. மழைக்கு மேலே நீலத் தார்ப்பாய்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் பார்க்கப் போயிருந்தேன். எம்மெட் எண்ணினான். டெஸ்ஸா உடனே பிடிபட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். கைசா மட்டும் அகப்படவில்லை. எம்மெட் இரண்டு சுற்றுச் சுற்றினான், மூன்றாவது சுற்றில் அவன் குரல் மாறியது.

"ஆன்ட்டி! கைசாவக் காணோம்!"

சமையலறையிலிருந்து மார்லா ஓடிவந்தாள். கை மாவோடு. வீட்டுக்கு முன்னால் மரம் ஏற்றிய லாரிகள் போகும் சாலை. பின்னால் சரிவு இறங்கும் ஏரி. டேல் ஏரிப் பக்கம் பாய்ந்தான். மார்லா சக்கரத் தடம் தேடினாள். தடம் ஏது? அவளே இடித்து இறுக்கிய தரை. ஈரமான மணலாக இருந்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். "கைசா! கைசா!" பதில் இல்லை. பெர்னிஸ் கேட்ட கேள்வி அவள் தலைக்குள் கூவியிருக்க வேண்டும். அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

கடைசி விறகு வரிசையின் மூலையில் தார்ப்பாய் தரைவரை தொங்கியது. காற்றில் மற்ற பக்கமெல்லாம் படபடக்க, அந்த ஓரம் மட்டும் அசையவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். மார்லா அதைத் தூக்கினாள்.

தலைமுடி முழுக்க மரப்பட்டைத் துணுக்கு. கன்னத்தில் சிலந்திவலை. கண் இரண்டும் பளபளவென்று.

"ஷ்ஷ்! போம்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் கைசா. "அவன் வந்துடுவான்!"

"கத்திக் கூப்பிட்டேனேடி. காதுல விழலியா?"

"விழுந்துச்சு. பதில் சொன்னா ஆட்டம் போச்சே!"

மார்லா வாயைத் திறந்தாள். திட்ட வேண்டும் என்று அத்தனை நரம்பும் துடித்திருக்கும். தார்ப்பாயை மெதுவாக இறக்கி, ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, அங்க இருக்காளா?"

"அங்க இல்லப்பா," என்றாள் மார்லா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "நல்லாத் தேடு."

ஏரியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த டேலுக்கு ஒரு கண்ஜாடை. பிறகு விறகு பிளக்கும் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தாள். மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பதறிப்போய் அருகில் போனால், சிரிக்கிறாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரிக்கிறாள். பிள்ளையைக் காணோம் என்று ஒரு தாய் இப்படி நிம்மதியாக உட்கார்ந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத் திடலில் கூழாங்கல் இன்னும் கிடக்கிறது. மாதந்தோறும் பள்ளிக் குழுக் கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லி மார்லா எழுந்து நிற்கிறாள். இப்போது பக்கத்தில் ரூடியும் நிற்கிறார். ஒரு தாய்க்குக் கொல்லையும், ஊருக்கு நல்ல தச்சரும் இருந்ததால் ஒரு பிள்ளை ஒளிந்து விளையாடுகிறது. கொல்லை இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அதற்கு அன்பு போதாது. சட்டமும் சாலையும் பொதுப்பணமும் வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளை உங்கள் பகுதிப் பூங்காவுக்குப் போங்கள். மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க வாசலில் வளைத்து நட்டிருக்கும் இரும்புக் குழாயைப் பாருங்கள். அதில் சக்கர நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். நுழையாது என்றால் அன்றே மாநகராட்சியில் மனு கொடுங்கள், எடுக்கும்வரை விடாதீர்கள். போகும் முன், உங்கள் தெருவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன விளையாட ஆசை என்று கேட்டுவிட்டுப் போங்கள்.